மங்கையற்கரசியின் முப்பத்தொரு தவணைகள்

மங்கையற்கரசி வழக்குக்குப் போகும் நாளில் நல்ல சேலைதான் உடுத்துவாள். பழைய சேலையோடு, தலை வாராமல், வெறுங்கையோடு வந்து நின்றால் நீதிபதிக்கு இரக்கம் வரும் என்று சட்டத்தரணி ஹெக்டர் வழக்குக் கூப்பிட்ட முதல் தவணையிலேயே சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. இரக்கம் வாங்குவதற்கு அவள் கல்லடிப் பாலம் தாண்டி வரவில்லை. புருஷன் நல்லரத்தினம் சாரனைச் சுருட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டு இறங்க வேண்டும். மகள் விதுர்ஷா தன் கைக்கு வர வேண்டும். இந்த இரண்டுக்கும்தான் வந்தாள். இரண்டில் எது பெரிது என்று யாராவது கேட்டிருந்தால் மகள்தான் என்று சொல்லியிருப்பாள். சொல்லும்போது அவளே அதை நம்பியும் இருப்பாள்.

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுடையது. மகள் பிறந்ததிலிருந்தே தாயும் தகப்பனும் கல்லும் மரமும் சேர்ப்பார்கள். கலியாணத்தோடு வீடு மகள் பேருக்குப் போகும், மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். குடி என்ற வம்சமும் தாய்வழியில்தான் வரும். கோயிலில் குடி சொல்லி அழைக்கும்போது பிள்ளைகள் தாயின் குடிக்குத்தான் எழும்புவார்கள். இப்படியான ஊரில் புருஷனும் பெண்சாதியும் பிரிந்தால் பஞ்சாயத்துக்குப் பெரிதாக வேலை இருப்பதில்லை. ஆண் இறங்கிப் போவான். தமக்கை வீட்டு விறாந்தையில் கொஞ்ச நாள் படுப்பான். கோபம் ஆறினால் திரும்பி வருவான், ஆறாவிட்டால் அங்கேயே கிடப்பான். பிள்ளை யாரோடு என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை வீட்டோடு இருக்கும்.

நல்லரத்தினமும் அப்படித்தான் தொண்ணூற்றேழாம் ஆண்டில் கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு பெட்டியோடு கல்லடிக்கு வந்தான். மேசன். அவன் கட்டிய சுவரில் நூல் பிடித்துப் பார்த்தாலும் கோணல் இருக்காது. அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு, அதில் இது ஒன்று. மற்றது, மகளில் அவன் வைத்திருந்த உயிர். தொண்ணூற்றொன்பதில் விதுர்ஷா பிறந்த பிறகு வேலை முடிந்து வந்தால் சீமெந்துக் கையைக்கூடக் கழுவாமல் பிள்ளையைத் தூக்குவான். மங்கையற்கரசி பட்டணத்தில் ஒரு புடவைக்கடையில் நின்றாள். கடற்கரையிலிருந்து நாலு வளவு தள்ளி அவளுடைய சீதன வீடு. தாய் கண்ணகை தன் நகைகளை விற்று ஓடு போட்டுக் கொடுத்த வீடு.

இரண்டாயிரத்து நாலு டிசம்பர் இருபத்தாறாம் திகதி காலையில் கடல் வந்தது. நல்லரத்தினம் அன்றைக்கு வாவிக்கு மேற்கே தமக்கையின் வயலில் நின்றான். மங்கையற்கரசி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிப் பக்கமாக ஓடித் தப்பினாள். கண்ணகை தப்பவில்லை. மூன்றாம் நாள் வளவுக்குப் போய்ப் பார்த்தபோது கிணற்றுக் கட்டும் வாசல்படியும் மட்டும் இருந்தன. சீதன உறுதிப் பத்திரம் வைத்திருந்த அலுமாரி எந்தத் திசைக்குப் போனதென்றும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தபோது வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பம் நிரப்ப ஆட்கள் வந்தார்கள். குடும்பத் தலைவர் பெயர் என்று ஒரு கட்டம். வந்தவர் நல்லரத்தினத்தின் பெயரை எழுதினார். புடவைக்கடையில் அவளோடு நின்ற ஜோசப்பின் என்பவள் பக்கத்தில் இருந்தாள். அழிந்தது உன்னுடைய வீடு, உன்னுடைய பெயரைப் போடச் சொல்லேன் என்று அவள் காதோடு சொன்னாள்.

மங்கையற்கரசிக்கு அது ஒரு பேச்சாகவே படவில்லை. "ஆர்ட பேரப் போட்டா என்ன கா, வீடு என்ட வீடுதானே" என்றாள்.

இந்தப் பிழையை மட்டக்களப்பாள் ஒருத்தி மட்டும்தான் விட முடியும். வேறு ஊர்ப் பெண் என்றால் வீடு தன்னுடையதில்லை என்று தெரிந்து பயந்து, அந்தக் கட்டத்தில் தன் பெயரையும் எழுதச் சொல்லிச் சண்டை பிடித்திருப்பாள். இவளுக்குப் பயம் பழக்கமில்லை. தாய், தாயின் தாய் என்று எத்தனையோ தலைமுறை வீட்டுக்காரிகளாக இருந்து அவளைக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் புதுக் குடியேற்றத்தில் வீடு கிடைத்தது. கதவுத் திறப்பை நல்லரத்தினத்தின் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். மங்கையற்கரசி படத்தின் ஓரத்தில் நிற்கிறாள், பாதி முகம். அதே குடியேற்றத்தில் அவனுக்கு மேசன் வேலையும் ஓயாமல் இருந்தது. அங்கே கல் சுமக்க வந்த ஒருத்தியோடு அவனுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவளுடைய பெயரை மங்கையற்கரசி கடைசிவரை வாயால் சொன்னதில்லை. கேட்டால் "அது" என்பாள். ஆகவே இங்கேயும் அந்தப் பெயர் இல்லை.

அடுத்த வருடம் பங்குனியில் ஒரு மத்தியானம் கடையால் வந்தபோது அவளுடைய சேலைகளும் தையல் மெசினும் வாசலில் இருந்தன. நல்லரத்தினம் நிலையில் கை ஊன்றி நின்றான். உள்ளே அது நின்றது. ஒரு சத்தமும் போடாமல் அவன் சொன்னான்: "இது என்ட பேரில உள்ள வீடு. பிரச்சினைப்படாமப் போ."

அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. புருஷன் வேறொருத்தியோடு போன கதைகள் அந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. பெண்சாதியை வீட்டை விட்டு இறக்கிய கதை அவள் கேட்டதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களும் அப்படி ஒன்றைப் பார்த்திராததால் வாயடைத்து வேலியோரம் நின்றார்கள். மகளைத் தா என்று கேட்டாள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இங்கே, கட்டில் இங்கே, நீ எங்கே வைத்திருப்பாய் என்று அவன் கேட்டான். எட்டு வயது விதுர்ஷா அறைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டாள். மங்கையற்கரசி மெசினைத் தலையில் தூக்கிக்கொண்டு பெருந்தெருவுக்கு வந்தாள். அழுகை வரவில்லை. உன்னையும் இப்படியே, இதே வாசலால், இதே சனம் பார்த்து நிற்க இறக்குவேன் என்று மட்டும் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொன்னாள். கல்லடியில் ஜோசப்பினின் வீட்டுப் பக்க அறையில் வந்து இறங்கும்வரை அதையே சொன்னாள்.

ஹெக்டர் முப்பது வருடம் கறுப்புக் கோட்டுப் போட்டவர். அவர் பொறுமையாக விளக்கினார். விவாகரத்தும் பிள்ளை யாரோடு என்பதும் மாவட்ட நீதிமன்றத்தில். தாபரிப்புச் செலவு கேட்பது நீதவான் நீதிமன்றத்தில். சும்மா மனம் ஒத்துப்போகவில்லை என்று பிரிய முடியாது, ஒருவர் குற்றவாளியாக வேண்டும். கெட்ட எண்ணத்தோடு கைவிட்டார் என்று காட்டலாம். வீட்டை விட்டுப் போன கால்கள் உன்னுடையவையாக இருந்தாலும், போக வைத்தவன் அவன் என்றால் கைவிட்டவனும் அவன்தான். இந்த இடம் மங்கையற்கரசிக்கு மிகவும் பிடித்திருந்தது. திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னாள்.

பிள்ளை விஷயத்தில் பழைய சட்டம் தகப்பன் பக்கம் கொஞ்சம் சாயும், ஆனால் நீதிபதி கடைசியில் பார்ப்பது பிள்ளைக்கு எது நல்லதென்பதை என்று ஹெக்டர் சொன்னார். பிள்ளை உன் கைக்கு வந்தால் அதன் செலவுக்கு அவன் மாதாமாதம் நீதிமன்றத்தில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பிடியாணை, மறியலில் அடைப்பார்கள்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள். "சேர், இதில எது அவனுக்குக் கூட நோகும்?"

ஹெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி, முதல்ல பிள்ளைய எடுப்பம். நோவ மறுகா பாப்பம்" என்றார்.

நீதிமன்றம் நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரை இரண்டு இடத்தையும் பார்த்துவர அனுப்பியது. அந்த அம்மா நேர்மையானவர், கண்டதை எழுதினார். தகப்பனின் வீட்டில் பிள்ளைக்குத் தனி அறை, படிக்க மேசை, மின்விளக்கு, நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம். தாயின் இடத்தில் பத்தடி அறை, அதில் பாதியைத் தையல் மெசின் பிடித்திருக்கிறது. வழக்கு முடியும்வரை பிள்ளை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், தாய் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு கூட்டிப் போகலாம் என்று கட்டளை வந்தது. கட்டளையைக் கேட்டபோது நல்லரத்தினம் அவளைத் திரும்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்கு அவ்வளவு கொதித்திருக்காது. கடல் கொண்டுபோன தன் வீட்டுக்குப் பதிலாக வந்த வீட்டை வைத்தே தன் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று பாலம் முழுவதும் புலம்பிக்கொண்டு நடந்தாள். சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாய் அடையாள அட்டையைக் கேட்க மறந்து அவளை விட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளுக்காக அவள் உயிரை வைத்திருந்தாள் என்பது உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை அவளே பாழாக்கினாள் என்பதும் உண்மை. அமிர்தகழிக் கோயிலுக்கு மகளைக் கூட்டிப்போய்க் குளக்கரையில் இருத்தி, ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்து, விசாரணை தொடங்குவாள். அது என்ன சமைக்கிறது, அப்பா குடிக்கிறாரா, உனக்கு அடிக்கிறாரா, அதுக்கு நகை வாங்கிக் கொடுத்தாரா. பிள்ளை முதலில் உள்ளதைச் சொன்னது. சொன்னதெல்லாம் அடுத்த தவணையில் ஹெக்டரின் வாயால் வெளிவந்தது. தகப்பன் சம்பளநாளில் குடித்துவிட்டு வாசலில் விழுந்தது சபை நடுவே வாசிக்கப்பட்டது. நல்லரத்தினம் தலையைக் குனிந்தான், மங்கையற்கரசிக்கு மூன்று நாள் சோறு ருசித்தது. அதற்குப் பிறகு விதுர்ஷா எதைக் கேட்டாலும் "தெரியா" என்று மட்டும் சொன்னாள். மகளின் வாயைத் தகப்பன் கட்டிவிட்டான் என்று மங்கையற்கரசி அவனுக்கு இன்னொரு குற்றம் எழுதினாள்.

இரண்டாயிரத்து எட்டில், பதினேழாம் தவணை முடிந்து வந்த அன்று, பிரதீஸ் கடை வாசலில் காத்து நின்றான். அவளுடைய குடியைச் சேர்ந்தவன், தூரத்துத் தம்பி முறை. அந்தக் காலத்தில் ராணுவத்தோடு சேர்ந்து ஊரில் முகாம் போட்டிருந்த ஆயுதக்காரரோடு திரிந்தவன். சேட்டுக்குக் கீழே இடுப்பில் என்ன இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். சுகம் விசாரித்தான். வழக்கு இழுபடுவதாகக் கேள்விப்பட்டேன் என்றான். நல்லரத்தினம் வாவிக்கு மேற்கே இருந்து வந்தவன், அந்தக் கரை எத்தனை வருடம் புலிகளின் கையில் இருந்ததென்று எல்லோருக்கும் தெரியும், அவனைக் கூப்பிட்டு விசாரிக்கக் காரணம் தேட வேண்டியதில்லை என்றான்.

"அக்கா, நீங்க ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். தவணையெல்லாம் தேவையில்ல."

அப்படி விசாரிக்கக் கூட்டிப் போனவர்களின் பெண்சாதிகள் கையில் படத்தோடு மாவட்டக் கச்சேரி அலுவலக வாசலில் நிற்பதை அவள் வேலைக்குப் போகும்போதெல்லாம் கண்டிருக்கிறாள். என்ன கேட்கிறான் என்பது நன்றாக விளங்கியது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மூன்று நாள் யோசித்தாள். அவளை நல்லவளாகக் காட்ட வேண்டுமென்றால் இந்த மூன்று நாளை ஒளிக்க வேண்டும். ஒளிப்பதற்கில்லை. புடவை அளக்கும்போதும் மெசின் மிதிக்கும்போதும் நல்லரத்தினம் இல்லாத உலகத்தை அவள் ஆசையோடு எண்ணிப் பார்த்தாள். வீடு வரும். பிள்ளை வரும். யாரும் அவளைக் கேட்கமாட்டார்கள்.

நாலாம் நாள் பிரதீஸ் வந்தபோது வேண்டாம் என்றாள். பிள்ளையின் தகப்பன் என்று பாவம் பார்க்கிறீர்களா என்று அவன் கேட்டான்.

"பாவமா? அவன் உசிரோட இரிக்கணும்டா. எல்லாரும் பாக்க அந்த வாசலால இறங்கணும். செத்தவன எப்படி இறக்கிற?"

பிரதீஸ் சிரித்துவிட்டுப் போனான். நல்லரத்தினத்தின் உயிரைக் காத்தது அவன் பெண்சாதியின் வன்மம்தான். அது அவனுக்கு இன்றைக்கும் தெரியாது.

வழக்கைத் திருப்பியது ஹெக்டரின் பழைய எழுதுவினைஞர் சாலிஹ். காணிப் பதிவகத்தில் மூன்று மாதம் தேடி, தூசியில் இருமி இருமி, கண்ணகை தொண்ணூற்றேழில் எழுதிக் கொடுத்த சீதன உறுதியின் பிரதியை எடுத்து வந்தார். அதோடு வீட்டுத்திட்டப் பட்டியலின் பிரதியும் கிடைத்தது. புது வீடு கொடுக்கப்பட்டது அழிந்த வீட்டுக்குப் பதிலாக என்று அதில் எழுதியிருந்தது. அழிந்த வீடு மங்கையற்கரசியுடையது. புது வீட்டுக்கு இன்னும் உறுதி வழங்கப்படவில்லை, பட்டியலில் ஒரு பெயர் மட்டுமே இருந்தது. அடுத்த தவணையில் ஹெக்டர் இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாசித்துவிட்டு இன்னொரு தவணை கேட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் போர் முடிந்தது. பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள், தெருவெல்லாம் கொடி கட்டினார்கள். ஜோசப்பினின் தமையன் மகன் ஜெனிஸ்டன் வன்னியில் அகப்பட்டிருந்தான், நாலு மாதமாகத் தகவல் இல்லை. அவள் செபமாலையோடு வானொலிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு இருந்தாள். மங்கையற்கரசி அடுத்த அறையில் தவணைக்குச் சேலை ஸ்திரிக்கை போட்டுக்கொண்டு, இனி நீதிமன்றம் ஒழுங்காக நடக்குமா என்று கேட்டாள். ஜோசப்பின் அவளை நிமிர்ந்து பார்த்து, "உனக்கு மனசெண்டு ஒண்டு இரிக்கா புள்ள?" என்றாள். மங்கையற்கரசி ஸ்திரிக்கைப் பெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் இருந்தாள். ஆனாலும் அவளுடைய மனம் சேலையில்தான் நின்றது.

நீதிபதி விதுர்ஷாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். பிள்ளை என்ன சொன்னது என்று மங்கையற்கரசி ஹெக்டரை நச்சரித்தாள். ஒரே வீட்டில் அம்மாவும் அப்பாவும் வேண்டும் என்று கேட்டதாம், அதைத் தரும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லையாம் என்று அவர் சொன்னார். இதற்கு மேல் பிள்ளையிடம் எதையும் கேட்காதே என்றும் சொன்னார்.

ஆடி மாதம், முப்பத்தோராம் தவணையில், எல்லாம் முடிந்தது. கைவிட்ட குற்றம் நல்லரத்தினத்தின் மேல் நின்று விவாகரத்து ஆனது. வீட்டுப் பட்டியலில் தன் பெயருக்குப் பதிலாக அவள் பெயரைப் போடச் சம்மதம் என்று அவன் கையெழுத்து வைத்தான். வீடு இப்போது தாயுடையது, பிள்ளை பெண்பிள்ளை, பெரியபிள்ளையாகும் வயது நெருங்குகிறது, தாயோடு இருப்பதே நல்லது என்று தீர்ப்பு வந்தது. தகப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம். பிள்ளையின் செலவுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் வீட்டை விட்டு இறங்க வேண்டும்.

இறங்கிய நாள் சனிக்கிழமை. மங்கையற்கரசி இருப்பதில் நல்ல சேலையை உடுத்துக்கொண்டு காலையிலேயே வேலிப் படலைக்கு முன்னால் வந்து நின்றாள். அது இரண்டு நாள் முன்னமே தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டது. அங்கேயும் வீடு தங்கைக்கு எழுதியாகிவிட்டதாம், நல்லரத்தினத்தைக் கூட்டிப்போக இடமில்லையாம். அக்கம்பக்கத்துச் சனம் வேலியோரம் சேர்ந்தது. அன்றைக்கு வாயடைத்து நின்ற அதே பெண்கள்.

நல்லரத்தினம் ஒரு கையில் சாரன் சுருட்டிய பையும் மறு கையில் மேசன் கரண்டியும் மட்டக்கோலும் போட்ட வாளியுமாக வெளியே வந்தான். முப்பத்தொரு தவணையும் அவள் சேர்த்து வைத்த சொற்கள் எவ்வளவோ இருந்தன. வாய் திறந்தபோது ஒன்றுதான் வந்தது. "கதவச் சாத்திப்போட்டுப் போங்க."

அவன் சாமானைக் கீழே வைத்தான். திரும்பிப் போய்க் கதவைச் சாத்தித் திறப்பை நிலையில் வைத்துவிட்டு வந்தான். எல்லோரும் பார்த்தார்கள். மங்கையற்கரசிக்கு அந்த நிமிடம் இனித்தது. அதற்காக அவள் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

அவன் படலையைத் தாண்டும்போது சாத்திய கதவு திறந்தது. விதுர்ஷா பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். தாயைத் தாண்டிப் போய் வாளியின் பிடியில் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். தகப்பன் மறு பக்கத்தைப் பிடித்தான். இருவரும் வாவியைக் கடக்கும் மண்முனைத் துறைக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். மங்கையற்கரசியின் கைப்பையில் நீதிமன்றக் கட்டளை இருந்தது. எடுத்துக் காட்டி மறிக்கலாம். சனம் பார்த்து நின்றதால் மறிக்கவில்லை.

மகள் திரும்பி வர ஒரு மணித்தியாலம் ஆனது. அதற்குள் அவள் அடுப்பு மூட்டிச் சோறு வடித்து, மீன் குழம்பு வைத்து, பிள்ளைக்கு விருப்பமான முட்டையும் பொரித்திருந்தாள். விதுர்ஷா கால் கழுவிவிட்டு வந்து தட்டுக்கு முன்னால் இருந்தாள். அப்பா எங்கே போகிறார் என்று மங்கையற்கரசி கேட்கவில்லை. தமக்கை வீட்டு விறாந்தைக்குத்தான், வேறெங்கே போவான்.

"அம்மா, இந்த வீடு மறுகா எனக்குத்தானே வரும்?" என்று விதுர்ஷா கேட்டாள்.

இரண்டு வருடத்தில் பிள்ளை தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. மங்கையற்கரசிக்கு நெஞ்சு நிறைந்தது. தன் பிள்ளை, தன் குடிப் பிள்ளை என்று தோன்றியது. "ஓம் மகள், உனக்குத்தான். கலியாணத்தோட உன்ட பேருக்கு எழுதித் தருவன். மறுகா அதில எவரும் கை வைக்க ஏலா. நானும் ஏலா" என்றாள்.

விதுர்ஷா தலையை ஆட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு என்ன பாடம் என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அப்ப எனக்கு வந்தவுடன நான் அப்பாவக் கூட்டிக்கொண்டு வந்து வச்சிரிப்பன்."

சொல்லிவிட்டு முட்டையைப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்தாள். மங்கையற்கரசி மீன் குழம்புச் சட்டியை மகள் பக்கம் நகர்த்தினாள். இதற்கு ஹெக்டரிடமும் வழி கிடையாது. வீடு பெண்ணுடையது, அதில் யார் இருப்பது யார் இறங்குவது என்று அவள்தான் சொல்வாள் என்றுதான் முப்பத்தொரு தவணையும் மங்கையற்கரசி வாதாடி வென்றிருந்தாள்.